இட்டைப்பு அணை: மூழ்கிய அருவியும் நட்ட காடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரேசிலுக்கும் பராகுவேக்கும் எல்லையாக ஓடும் பரானா ஆற்றின் குறுக்கே நிற்கிறது இட்டைப்பு அணை. பெரிய அணை ஒன்றைக் கட்டிவிட்டு, சுற்றிலும் காட்டைத் திரும்ப வளர்க்க முடியுமா, ஆற்றில் மீனைத் திரும்ப ஏற்ற முடியுமா என்ற பேச்சு வந்தால் இந்தப் பெயர் கட்டாயம் வரும். அணையை ஆதரிப்பவர்கள் நட்ட மரங்களின் கணக்கைச் சொல்வார்கள். எதிர்ப்பவர்கள் மூழ்கிய அருவியைச் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். இரண்டுக்கும் நடுவில் நடந்தது என்ன என்பதைப் பற்றியவை கீழே உள்ள கேள்விகள்.

எவ்வளவு பெரிய அணை இது?

1973-இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. 1975-இல் வேலை தொடங்கியது. 1982 அக்டோபரில் மதகுகளை மூடியபோது 14 நாளில் நீர்த்தேக்கம் நிறைந்துவிட்டது. அணை 196 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் நீளம். தேக்கம் ஆற்றின் போக்கில் 170 கிலோமீட்டர் நீள்கிறது. பரப்பு 1,350 சதுர கிலோமீட்டர். கொள்ளளவை நம் கணக்கில் சொன்னால் சுமார் 1,024 டிஎம்சி. மேட்டூர் அணையைப் போல் 11 மடங்கு. ஒவ்வொன்றும் 700 மெகாவாட் தரும் 20 டர்பைன்கள் இருக்கின்றன.

'இட்டைப்பு' குவரானி மொழிச் சொல். 'ஒலிக்கும் கல்' என்று பொருள் சொல்கிறார்கள். அணை எழுந்த இடத்தில் ஆற்றுக்கு நடுவே இருந்த பாறைத் தீவின் பெயர் அது. கல் இப்போது ஒலிப்பதில்லை.

அணை வந்ததால் என்ன போயிற்று?

முதலில் சொல்ல வேண்டியது, அணைக்கு மேலே அதே ஆற்றில் இருந்த குவாய்ரா அருவி. பிரேசிலில் அதை 'செத்தே கேடாஸ்', அதாவது ஏழு அருவிகள் என்பார்கள். தனித்தனியாக எண்ணினால் 18 அருவிகள். அவை ஏழு கூட்டமாக நின்றதால் அந்தப் பெயர். விழும் தண்ணீரின் அளவை வைத்துப் பார்த்தால் உலகின் மிகப் பெரிய அருவிகளில் ஒன்று. அங்கே ஒரு தேசியப் பூங்காவே இருந்தது. 1961-இல் அறிவிக்கப்பட்ட அந்தப் பூங்காவை 1981-இல் அரசே கலைத்துவிட்டது. ஒரு பூங்காவை மூழ்கடிக்க வேண்டுமானால் முதலில் அது பூங்கா இல்லை என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மூழ்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மக்கள் திரண்டு வந்தார்கள். 1982 ஜனவரியில் அருவிக்கு எதிரே இருந்த தொங்கு நடைபாலம் ஒன்று அறுந்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் தண்ணீர் ஏறி அருவியை மூடியது.

அருவியோடு கரையோரக் காடுகளும், விளைநிலங்களும், பல்லாயிரம் குடும்பங்களின் வீடுகளும், அவா குவரானிப் பழங்குடியினரின் ஊர்களும் போயின. அவர்களைப் பற்றிக் கீழே தனியாக இருக்கிறது.

தண்ணீர் ஏறியபோது விலங்குகளைக் காப்பாற்றினார்களாமே?

ஆம். 'மிம்பா குவேரா' என்ற குவரானிப் பெயரில் ஒரு மீட்பு வேலை நடந்தது. தண்ணீர் ஏறஏற மேடுகள் தீவுகளாகின. குரங்கு, எறும்புண்ணி, பாம்பு, ஆமை, பல்லி எல்லாம் மர உச்சியிலும் மேட்டிலும் ஒண்டிக்கொண்டன. படகில் போய் அவற்றைப் பிடித்துக் கூண்டிலும் சாக்கிலும் போட்டு, மூழ்காத காடுகளில் விட்டார்கள். 36,000-க்கும் மேற்பட்ட உயிர்களை மீட்டதாகக் கணக்கு.

இந்த எண்ணைக் கேட்டதும் மனம் நெகிழும். ஆனால் கொண்டுபோய் விட்ட காட்டில் ஏற்கெனவே அதே இன விலங்குகள் இருந்தன. இடமும் இரையும் அவற்றுக்கே அளவாகத்தான் இருந்தன. புதிதாக வந்தவை எத்தனை பிழைத்தன என்பது மீட்ட எண்ணிக்கையில் தெரியாது. அணைகளில் நடக்கும் இப்படிப்பட்ட மீட்பு வேலைகள் எல்லாவற்றுக்கும் இந்தக் குறை உண்டு. அன்று உருப்படியாக நடந்தது, விலங்குகளை விடுவதற்கென்று ஒதுக்கிய காடுகளைப் பிறகும் விட்டுக்கொடுக்காமல் காப்பிடங்களாக வைத்துக்கொண்டது. பிரேசில் கரையில் பெலா விஸ்தா, சாந்தா எலேனா. பராகுவே கரையில் தாத்தி யூப்பி, லிமோய், இத்தாபோ, பிக்கிரி. இன்றைய பாதுகாப்பு வேலையெல்லாம் இவற்றைச் சுற்றித்தான் வளர்ந்தது.

காட்டை அழித்தவர்களே மரம் நடுவது என்ன நியாயம்?

கேள்வி நியாயமானது. ஆனால் பதில் எதிர்பார்ப்பதைவிடச் சிக்கலானது. இந்தப் பகுதியின் இயற்கைக் காடு அட்லாண்டிக் காடு என்று அழைக்கப்படுவது. கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குள் வெகுதூரம் பரவியிருந்த மழைக்காடு. பிரேசிலின் பரானா மாநிலத்தின் மேற்குப் பகுதியில், அணை வருவதற்கு முந்தைய 30 ஆண்டுகளிலேயே குடியேறிய விவசாயிகள் அதில் பெரும்பகுதியை வெட்டிவிட்டார்கள். முதலில் மரத்துக்காக, அப்புறம் கோதுமைக்காக, சோயாவுக்காக. ஆகவே 1982-இல் பிரேசில் பக்கம் தண்ணீர் வந்து தொட்ட கரையில் நீண்ட தூரத்துக்குக் காடு இல்லை, வயல்தான் இருந்தது. பராகுவே பக்கம் அப்போது இன்னும் நிறையக் காடு நின்றது. அது பிறகு வேகமாகக் கரைந்தது. கிழக்குப் பகுதியில் காட்டை வெட்டி வயலாக்கக் கூடாது என்று 2004-இல் சட்டம் போடும்வரை அந்த வேகம் குறையவில்லை.

அதாவது, அணை மூழ்கடித்த காட்டுக்கு அணைதான் பொறுப்பு. ஆனால் அணையைச் சுற்றி இன்று நட்டு வளர்த்திருக்கும் காட்டின் பெரும்பகுதி, அணை அழிக்காத, சோயா அழித்த காட்டின் இடத்தில் நிற்கிறது. கடனை ஒரு இடத்தில் வாங்கி வேறொரு இடத்தில் அடைத்த கதை.

எவ்வளவு நட்டார்கள்?

இரண்டு கரையையும் சேர்த்து 4 கோடிக்கும் மேற்பட்ட மரக்கன்றுகள். தேக்கம் நிறைவதற்கு முன்பே, 1970-களின் இறுதியில் நடத் தொடங்கிவிட்டார்கள். தண்ணீர் விளிம்பிலிருந்து வயல்வரை அணை நிர்வாகமே நிலத்தை வாங்கி ஒரு பாதுகாப்புப் பட்டையாக ஒதுக்கியது. பிரேசில் பக்கம் அதன் சராசரி அகலம் 210 மீட்டர். கரை நெளிந்து நெளிந்து போவதால் நீளம் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டுகிறது. காப்பிடங்களையும் சேர்த்தால் இரு நாடுகளிலும் ஒரு லட்சம் ஹெக்டேர் அளவுக்குப் பாதுகாக்கப்பட்ட நிலம்.

இதெல்லாம் இயற்கை மேல் உள்ள அக்கறையா?

கொஞ்சம் அக்கறை, நிறைய கணக்கு. அதில் தவறும் இல்லை.

அங்கே மண் சிவந்த எரிமலைப்பாறை மண். வளமானது, மழையில் கரையக்கூடியது. வயலில் கரைந்த மண் ஓடை வழியாகத் தேக்கத்துக்கு வந்தால் வண்டலாகப் படியும். கூடவே உரமும் பன்றிப் பண்ணைக் கழிவும் வரும். அதைத் தின்று பாசியும் நீர்க்களையும் பெருகும். வண்டல் சேரச்சேர அணையின் ஆயுள் குறையும். கரையோரக் காடு ஒரு வடிகட்டி: வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், சருகு ஓட்டத்தைத் தணிக்கும். ஆக, மரம் நடுவது அணைக்கு ஆயுள் காப்பீடு கட்டுவது போல. லாபம் இருக்கும் இடத்தில் இருந்துகொண்டு செய்யும் பாதுகாப்பு, நல்லெண்ணத்தை மட்டும் நம்பிச் செய்யும் பாதுகாப்பைவிட நீண்ட நாள் நிற்கும் என்பது என் கட்சி.

நீர்மட்டம் ஏறி இறங்கும் கரையில் மரம் எப்படி நிற்கும்?

நம்மூர் அணைகளைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும். மேட்டூரில் தண்ணீர் வடிந்தால் பண்ணவாடி நந்தி சிலை வெளியே வந்துவிடும். கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே வெடித்த சேற்று நிலம் வெகுதூரம் கிடக்கும். பாசன அணை அப்படித்தான். தேக்குவதே திறந்து விடுவதற்காக.

இட்டைப்பு மின்சாரத்துக்கான அணை. பரானா ஆண்டு முழுதும் பெருகி ஓடும் ஆறு. மேலே பல அணைகள் வெள்ளத்தை ஏற்கெனவே ஒழுங்குபடுத்தி அனுப்புகின்றன. அதனால் வருகிற தண்ணீரை ஏறக்குறைய வந்தபடியே டர்பைன் வழியாக விட்டுவிடுகிறார்கள். சாதாரண ஆண்டில் மட்டம் அதிகம் ஆடுவதில்லை. கரை நிலையாக இருப்பதால் விளிம்புவரை மரம் நிற்க முடிகிறது. இட்டைப்பின் காட்டுப் பட்டையைப் பார்த்துவிட்டு அதை அப்படியே ஒரு பாசன அணையில் செய்யலாம் என்று யாராவது கிளம்பினால் முதலில் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நட்ட காடு பழைய காடாகிவிடுமா?

40 வயதுக் காட்டில் நிழல் உண்டு, பறவை உண்டு, சருகு உண்டு. பெரோபா போன்ற மரங்கள் முதிர நூறு ஆண்டுக்கு மேல் வேண்டும். மஞ்சளும் ஊதாவுமாகப் பூக்கும் இப்பே மரங்கள் சீக்கிரம் தெரிய ஆரம்பிக்கும். நம் ஊர்ச் சாலையோரங்களில் இளஞ்சிவப்பாகப் பூக்கிறதே தபேபுயா, அதற்கு உறவு. ஆனால் கொடிகள், மரத்தில் தொற்றி வாழும் செடிகள், பொந்து விழுந்த முதுமரங்கள், பெரிய விதையை விழுங்கிப் பரப்பும் விலங்குகள் எல்லாம் சேர்ந்தால்தான் காடு. அவை தாமாக வர வேண்டும். வருவதற்குப் பக்கத்தில் பழைய காடு இருக்க வேண்டும். அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

துண்டு துண்டாகக் காடு இருந்து என்ன பயன்?

தனித்துண்டாக இருந்தால் பயன் குறைவு. அணைக்குத் தெற்கே புகழ்பெற்ற இகுவாசு அருவியும் அதைச் சுற்றிய தேசியப் பூங்காவும் இருக்கின்றன. எல்லை தாண்டி அர்ஜென்டினாக் காட்டோடு சேர்ந்த பெரிய பழைய காடு அது. சிறுத்தையைவிடப் பருத்த ஜாகுவார் இன்னும் வாழும் இடம். தேக்கத்தின் வடக்கு முனையில் இல்யா கிராந்தே என்ற ஆற்றுத்தீவுப் பூங்கா இருக்கிறது. 1997-இல் அறிவித்தது. இந்த இரண்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சோயா வயல். அணையின் கரைப்பட்டை வயல்களினூடே போகும் பச்சை நடைபாதையாகிறது. கரைப்பட்டையையும் இகுவாசு பூங்காவையும் சேர்க்க, தனியார் பண்ணைகள் வழியாக 'சாந்தா மரியா' என்ற இணைப்புக் காட்டை வளர்த்தார்கள். பராகுவே பக்கம் 2017-இல் இட்டைப்பு உயிர்க்கோளக் காப்பகமாக யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. 10 லட்சம் ஹெக்டேருக்கு மேல். அதற்குள் வயலும் ஊரும் அடக்கம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாம் காடு என்று நினைத்துவிடக் கூடாது.

இந்தப் பாதையில் பறவையும் வௌவாலும் எளிதாகப் போகும். 210 மீட்டர் அகலப் பட்டையில் ஜாகுவார் குடியிருக்காது, அதிகபட்சம் கடந்து போகும்.

ஹார்ப்பி கழுகை வளர்க்கிறார்கள் என்கிறார்களே, அது எதற்கு?

குரங்கையும் தேவாங்கு போல மெதுவாக நகரும் ஸ்லாத்தையும் மரத்திலிருந்து பறித்துத் தூக்கும் அளவுக்குப் பலமான கழுகு அது. பரந்த காடு இல்லாமல் வாழாது. பரானா மாநிலத்திலிருந்து ஏறத்தாழ மறைந்தே போய்விட்டது. இனப்பெருக்கமும் மெதுவானது: இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு குஞ்சைத்தான் வளர்த்தெடுக்கும். பெலா விஸ்தா காப்பிடத்தில் அடைப்பில் வைத்து 2009-இல் முதல் குஞ்சு பொரித்தது. அதன்பின் பல பத்துக் குஞ்சுகள். முட்டையை எடுத்து அடைகாப்புப் பெட்டியில் வைத்துப் பொரிக்கச் செய்கிறார்கள். குஞ்சுக்குக் குறைவில்லை. அவற்றைப் பறக்கவிடக் காடு வேண்டுமே, அங்கேதான் இடிக்கிறது.

மீன்கள் அணையை எப்படித் தாண்டுகின்றன?

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதியும், மிகவும் குழப்பமான பகுதியும் இதுதான்.

புதுவெள்ளத்தில் மீன் ஏறுவதை ஏரிக் கலிங்கில் பார்த்தவர்கள் உண்டு. பரானாவில் அதற்கு 'பிராசேமா' என்று பெயர். மழைக்காலம் தொடங்கியதும் டொராடோ, பின்டாடோ, குரிம்பத்தா, பாக்கு போன்ற மீன்கள் முட்டையிட ஆற்றை எதிர்த்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பிரேசில் பக்கம் அங்கே மீன்பிடித் தடை. இந்த மீன்களின் வழியில் 196 மீட்டர் சுவர் எழுந்துவிட்டது.

2002 டிசம்பரில் அணையின் பக்கவாட்டில் 'பிராசேமா கால்வாய்' திறக்கப்பட்டது. 10 கிலோமீட்டர் நீளம், 120 மீட்டர் ஏற்றம். பெலா விஸ்தா என்ற சிற்றாற்றின் போக்கைப் பயன்படுத்திக்கொண்டு, நடுநடுவே குளங்களும் செயற்கை ஓடைகளுமாக அமைத்தார்கள். மீன்கள் குளத்தில் இளைப்பாறி அடுத்த ஓட்டத்தில் ஏறலாம். ஒரு பகுதியில் நீர் நல்ல வேகமாக ஓடுவதால் 2007-இல் அங்கே துடுப்புப் படகு உலகப் போட்டியே நடத்திவிட்டார்கள். மீனுக்கு வெட்டிய வழியில் மனிதன் படகு விட்டான்.

கால்வாயில் மீன் ஏறுகிறது. உடலில் சிறு மின்னணு அடையாளம் பொருத்தி அதைக் கவனித்திருக்கிறார்கள். கேள்வி ஏறுவதைப் பற்றியது மட்டும் அல்லவே. முட்டையும் குஞ்சும் ஓட்டத்தோடு மிதந்து கீழே வர வேண்டும். 170 கிலோமீட்டர் அசையாத தேக்கத்தில் அவை அடியில் படிந்து அழியும், அல்லது வேறு மீனுக்கு இரையாகும். தேக்கத்துக்கு மேலே இன்னும் அணை கட்டாத, 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆற்றுப்பகுதியும் வெள்ளச் சமவெளியும் மிஞ்சியிருப்பதால் இங்கே கொஞ்சம் நம்பிக்கை உண்டு. அதுவும் இல்லாத ஆற்றில் மீன் ஏணி கட்டுவது, மீனை ஏற்றிவிட்டு நட்டாற்றில் விடுவதுதான்.

அப்படியானால் கால்வாய் நல்லதா கெட்டதா?

இன்னொரு செய்தியையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். குவாய்ரா அருவி இருந்த காலத்தில் அதுவே ஒரு சுவர். மேல் பரானா மீன்கள் வேறு, கீழ் பரானா மீன்கள் வேறு என்று காலம்காலமாகப் பிரித்து வைத்திருந்தது. அருவி மூழ்கியதும் அந்தச் சுவர் போனது. கீழே இருந்த 30-க்கும் மேற்பட்ட மீன் இனங்கள் மேலே நுழைந்தன. அவற்றில் ஒரு பிரான்யா வகை, மேலே காலம்காலமாக இருந்த பிரான்யாவைச் சில ஆண்டுகளிலேயே ஓரங்கட்டிவிட்டது.

அணை ஆற்றைத் தடுக்கும் என்றுதான் எல்லாரும் சொல்வோம். இங்கே அணை ஒரு தடையை வைத்தது, இயற்கை வைத்திருந்த தடையை நீக்கியது. அந்தச் சுவரே 170 கிலோமீட்டர் கீழே இடம் மாறியது போல ஆயிற்று. இப்போது கால்வாய் அந்தப் புதுச் சுவரிலும் வாசல் திறந்துவிட்டது. அதனால் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. என் எண்ணத்தில், கால்வாயைத் திருத்தம் என்று சொல்லலாம், மீட்பு என்று சொல்ல முடியாது.

அணைக்கே தொல்லை தரும் உயிர்கள் உண்டா?

உண்டு. சீனப் பக்கத்திலிருந்து, கப்பல் நிலையாக மிதக்க அடியில் ஏற்றும் தண்ணீரோடு வந்த தங்கநிறச் சிப்பி. 1991-இல் தெற்கே லா பிளாட்டா முகத்துவாரத்தில் தென்பட்டது, 2001-இல் இட்டைப்புக்கு வந்து சேர்ந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான், ஆனால் குழாய்க்குள் அடைஅடையாக ஒட்டிக்கொள்ளும். படகில் ஒட்டிக்கொண்டு ஆற்றை எதிர்த்துப் பயணம் செய்துவிட்டது. சுரண்டி எடுப்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

சுற்றியுள்ள விவசாயிகள் இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டார்களா?

தொடக்கத்தில் அணைக்காரர்கள் என்றாலே கோபம். நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள் ஆயிற்றே. 2003-இல் 'நல்ல தண்ணீரைப் பயிரிடுவோம்' என்ற பொருளில் ஒரு திட்டம் பிரேசில் பக்கம் தொடங்கியது. 29 நகராட்சிகளைச் சேர்ந்த நீர்ப்பிடிப்புப் பகுதி. அதிகாரி போய் விதிமுறை படிப்பதற்குப் பதில், ஒவ்வொரு ஓடைக்கும் ஊர்க்கூட்டம் போட்டார்கள். முதல் சுற்றுக்கு 'புலம்பல் சுவர்' என்று பெயர்: குறைகளை எல்லாம் கொட்டலாம். அடுத்தது 'நம்பிக்கை மரம்': என்ன வேண்டும் என்று சொல்லலாம். கடைசியில் யார் எதைச் செய்வது என்று கையெழுத்து. புலம்ப இடம் கொடுத்ததுதான் பாதி வெற்றி என்று நினைக்கிறேன்.

வேலைகள் சாதாரணமானவை. ஓடைக்கு இரு பக்கமும் வேலி போட்டு மாடு இறங்காமல் பார்ப்பது, ஊற்றுக்கண்ணைச் சுற்றி மரம், வயலில் மட்ட வரப்பு, மண் அரிக்காத கிராமப் பாதை. உழாமல் விதைக்கும் முறை பரானா மாநிலத்தில் 1972-லேயே தொடங்கியது; அது மண் அரிப்பை வெகுவாகக் குறைத்தது. ஆனால் உழாத வயலில் களையைக் கொல்ல மருந்து அடிக்கிறார்கள். அந்த மருந்து எங்கே போகும்? ஓடைக்குத்தான்.

பன்றிக் கழிவுக்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். அஜுரிகாபா என்ற சிற்றூர்ப் பகுதியில் 33 சிறு பண்ணைகளின் சாணத்தைச் சாண எரிவாயுக் கலனில் விட்டு, வாயுவைக் குழாயில் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். 'நல்ல தண்ணீரைப் பயிரிடுவோம்' திட்டத்துக்கு 2015-இல் ஐ.நா.வின் நீர் விருது கிடைத்தது.

பழங்குடி மக்களுக்கு என்ன ஆயிற்று?

மரத்துக்குக் கிடைத்த இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பிரேசில் கரையில் அவா குவரானி மக்களின் ஊர்கள் மூழ்கின. 1982-இல் ஓகோய் என்ற இடத்தில் சில குடும்பங்களுக்குக் கொடுத்தது 231 ஹெக்டேர், தேக்கத்துக்கும் வயலுக்கும் நடுவே ஒரு துண்டு. மற்றவர்கள் சிதறினார்கள். பிறகு திரும்பி வந்து கரையோரம் குடிசை போட்டபோது, 'பாதுகாக்கப்பட்ட பகுதி' என்ற பெயரே அவர்களுக்கு எதிராகப் போனது. காட்டோடு வாழ்ந்தவனைக் காட்டைக் காப்பாற்ற வெளியேற்றுவது எங்கும் நடக்கிற கதை. 40 ஆண்டுக்கு மேல் வழக்கும் போராட்டமுமாக ஓடி, 2025-இல் பிரேசில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு உடன்பாடு ஏற்பட்டது: 3,000 ஹெக்டேர் நிலம் வாங்கித் தருவது, பகிரங்கமாக மன்னிப்புக் கேட்பது. இழந்ததோடு ஒப்பிட்டால் சிறிது.

அணையை இடித்துவிட்டால் அருவி திரும்பி வருமா?

அதை இன்று யாரும் பேசவில்லை. பராகுவேயின் மின்சாரத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது.

இதையெல்லாம் நான் எப்படிப் பார்ப்பது?

பயணம் போகிறவர்கள் பிரேசிலின் ஃபோஸ் டோ இகுவாசு நகரிலிருந்து அணைக்கும் பெலா விஸ்தா காப்பிடத்துக்கும் போகலாம். மற்றவர்களுக்குச் செயற்கைக்கோள் படம் போதும். அணையிலிருந்து வடக்கே விரலை நகர்த்துங்கள். தேக்கத்தின் கரை கைவிரல்களைப் போலப் பிரிந்து பிரிந்து வயலுக்குள் நுழையும். ஒவ்வொரு விரலுக்கும் ஓரம் கட்டினாற்போல் கரும்பச்சைக் கோடு. அதற்கு வெளியே கட்டம் கட்டமாகச் சோயா. பராகுவே பக்கம் கோட்டுக்குப் பதில் பெரிய பச்சைத் திட்டுகள் தெரியும். அவைதான் லிமோயும் இத்தாபோவும். இன்னும் மேலே போனால் குவாய்ரா நகரமும் ஆற்றின் மேல் ஒரு நீண்ட பாலமும் வரும். பாலத்துக்குக் கொஞ்சம் கீழே, எந்த அடையாளமும் இல்லாத அகன்ற தண்ணீர். ஏழு அருவிகள் இருந்த இடம்.